பாப்பாத்தி அம்மா கோயில்

திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கியதும் அல்வாவைத் தேடி டவுன் பக்கம் ஓடுகிறவர்கள்தான் அதிகம். தப்பில்லை! ஆனால் எதிர்ப்பக்கம் பஸ் ஏறி தாமிரபரணியைத் தாண்டினால் பாளையங்கோட்டை. நடுவில் வருகிற சுலோச்சன முதலியார் பாலம், ஒரு தனி மனுஷன் கைக்காசைப் போட்டு 1843-ல் கட்டி முடித்தது. (அதுக்குத் தனியா ஒரு கட்டுரை எழுதணும் பாஸ்!) பாலம் தாண்டினால் ஸ்கூல், காலேஜ், ஹாஸ்டல், மறுபடி ஸ்கூல். 'தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு' என்று சும்மா பேர் வைக்கவில்லை.

முருகன்குறிச்சியில் வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கிறது கதீட்ரல். ஊரில் 'ஊசிக்கோபுரம்' என்றால்தான் தெரியும். ரேனியஸ் ஐயர் காலத்தில், 1826-ல் எழுந்த ஆலயம். இங்கே பாதிரியாரை 'ஐயர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் தடவை கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது.

ஆனால் நாங்கள் தேடி வந்தது அதைவிட 41 வருஷம் சீனியர். 'கிளாரிந்தா சர்ச்' என்று கேட்டோம். ஆட்டோக்காரர் யோசித்தார். "பாப்பாத்தி அம்மா கோயில்னு சொல்லுங்க தம்பி!" என்று அவரே திருத்திவிட்டு ஸ்டார்ட் பண்ணினார்.

சர்ச்சுக்குப் பாப்பாத்தி அம்மா பேரா? ஆமாம். அந்தப் பேருக்குப் பின்னாடி ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. தலையில் தண்ணீர் படுவதா கிறிஸ்தவம், மனசு திரும்புவதா? எது முதலில்? இந்தக் கேள்வி இப்போ என் ரூம்மேட் வீட்டில் சாப்பாட்டு நேரத்துச் சண்டையாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்டடி ஹாலிடேஸுக்கு அவன் வீட்டுக்குப் போனவன் நான். நடுவில் மாட்டிக்கொண்டேன்.

நம்மாளு மெக்கானிக்கல். சி.எஸ்.ஐ. குடும்பம். ஆறு மாசக் குழந்தையாக இருந்தபோது ஐயர் கையில் கொடுத்து, தலையில் தண்ணீர் தெளித்து, ஞானஸ்நானம் முடிந்துவிட்டது. போன வருஷத்திலிருந்து ஹாஸ்டல் பக்கத்தில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறான். அங்கே குழந்தை ஞானஸ்நானம் செல்லாது. வளர்ந்த ஆள், தானே மனந்திரும்பி, தானே கேட்டு, முழுசாகத் தண்ணீரில் முங்கி எழ வேண்டும். பாளையில் அதே சபையின் கிளை ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை அங்கே ஞானஸ்நானம். இவன் பேர் கொடுத்திருக்கிறான்.

"ஆறு மாசக் குழந்தை எதுக்கு மாப்ள மனந்திரும்பணும்? பால் டம்ளரைக் கவுத்ததுக்கா?" இது அவன் வாதம்.

"ஏலே, உங்க தாத்தா உன்னைத் தூக்கிட்டுப் போயி குடுத்த ஞானஸ்நானம் என்ன தண்ணியோட போச்சா? ரெண்டாந்தடவ முங்குனா மொதத் தடவ பொய்யாயிரும்லா!" இது ஆச்சி. சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பளத்தை மட்டும் கொஞ்சம் பலமாக நொறுக்கினார்.

ஆச்சி கட்சியை லேசில் தள்ளிவிட முடியாது. அவங்க கணக்கில் ஞானஸ்நானம் என்பது மனுஷன் செய்கிற சாதனை இல்லை; கடவுள் முதலில் கை நீட்டுவது. குழந்தைக்குப் புரியுமா என்பது பிரச்னையே இல்லை. பெற்றோரும் ஞானப் பெற்றோரும் அதற்காக வாக்குக் கொடுக்கிறார்கள். வளர்ந்தபிறகு அந்த வாக்கைத் தானே ஏற்றுக்கொள்வதற்கு 'திடப்படுத்தல்' என்று ஒரு சடங்கும் இருக்கிறது. மனந்திரும்புதல்? அது வாழ்நாள் முழுக்க. மார்ட்டின் லூத்தர் 1517-ல் எழுதிய 95 வாதங்களில் முதல் வாதமே அதுதான். ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை அது என்பது அவர் கட்சி.

நம்மாளு கட்சிக்கும் ரத்தக்கறை படிந்த சரித்திரம் உண்டு. அதே லூத்தர் காலத்தில் சுவிட்சர்லாந்தின் ஜூரிச்சில் சில இளைஞர்கள், குழந்தை ஞானஸ்நானம் செல்லாது என்று சொல்லிப் பெரியவர்களுக்கு மறுபடி கொடுத்தார்கள். நகர சபை கொதித்துப்போனது. 1527 ஜனவரியில் ஃபெலிக்ஸ் மான்ஸ் என்பவரைக் கையைக் கட்டி லிம்மாட் நதியில் மூழ்கடித்துக் கொன்றார்கள். தண்ணீர் கேட்டவனுக்குத் தண்ணீராலேயே தண்டனை! கொன்றதும் கிறிஸ்தவர்கள்தான். ஆச்சியின் அப்பளச் சண்டை எவ்வளவோ தேவலை.

சரி, கோயிலுக்கு வருவோம்.

சின்னக் கோயில். ஊசிக்கோபுரத்தைப் பார்த்த கண்ணுக்கு ரொம்பவே சின்னது. பாளை ஒரு காலத்தில் நிஜமாகவே கோட்டை. 1801-ல் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பித்துப் போனாரே, அதே கோட்டை. மதில் பெரும்பாலும் போய்விட்டது. அந்தக் கோட்டைக்குள் 18-ம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை இருந்தது. படையில் லிட்டில்டன் என்று ஒரு ஆங்கில அதிகாரி. அவரோடு வாழ்ந்தவர் தஞ்சாவூரிலிருந்து வந்த மராட்டியப் பிராமண விதவை. கோகிலா என்பது பழைய பெயர் என்கிறார்கள். கணவனின் சிதையில் ஏற்ற இருந்தவரை அந்த அதிகாரி காப்பாற்றினார் என்றும் ஒரு கதை உண்டு. அ.மாதவையா 1915-ல் 'கிளாரிந்தா' என்று ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதிவிட்டார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அதே மாதவையா. நெல்லைப் பக்கத்து ஆள். கிறிஸ்தவர் இல்லை, ஆனாலும் இந்த அம்மா அவரை விடவில்லை.

கதையை விடுங்க. கால்டுவெல் எழுதிவைத்த திருநெல்வேலி மிஷன் வரலாற்றில் இருப்பதைப் பார்ப்போம். கிறிஸ்தவத்தை இந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்த அதிகாரிதான். கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று வாக்கும் கொடுத்திருந்தார். செய்யவில்லை. இந்தப் பெண் தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் ஐயரிடம் போய் ஞானஸ்நானம் கேட்டார்.

சுவார்ட்ஸ் அந்தக் காலத்து சூப்பர் ஸ்டார். ஜெர்மனியிலிருந்து வந்த லூத்தரன் மிஷனரி. தமிழ் தண்ணிபட்ட பாடு. தஞ்சை ராஜாவும் மதிப்பார், ஹைதர் அலியும் மதிப்பார். அப்பேர்ப்பட்டவர், "முடியாது" என்று சொல்லிவிட்டார். காரணம்: கல்யாணம் ஆகாமல் ஒரு ஆணோடு வாழ்கிறாய்; மனந்திரும்பாமல் தண்ணீர் கிடையாது.

அந்த அதிகாரி இறந்தபிறகு மறுபடி கேட்டார். இப்போது தடை இல்லை. 1778-ல், இதே பாளையங்கோட்டையில், சுவார்ட்ஸ் கையால் ஞானஸ்நானம் கிடைத்தது.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. சுவார்ட்ஸ் சட்டப்படி சரி. கேட்டவுடன் தண்ணீர் ஊற்றி எண்ணிக்கை காட்டுகிற ஆள் இல்லை அவர். அதுக்கு ஒரு சல்யூட். ஆனால் வாக்குக் கொடுத்துவிட்டு நிறைவேற்றாதவர் யார்? அந்தக் கால இங்கிலாந்து வழக்கப்படி அவருக்குக் குழந்தையிலேயே ஞானஸ்நானம் ஆகியிருக்கும். கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்க அவருக்கு ஒரு வாசல்கூட இல்லை. வாசலில் நின்றவளிடம் மட்டும் டிக்கெட் பரிசோதனை. அவர் செத்தால்தான் இவளுக்கு வழி திறக்கும் என்பது என்ன நியாயம்?

கோயில் நிழலில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது, நம்மாளு பையிலிருந்த புதிய ஏற்பாட்டை எடுத்து லூக்கா மூன்றாம் அதிகாரத்தைக் காட்டினான். எனக்கு அது புதுசு. யோர்தான் நதிக்கரையில் யோவான் ஸ்நானகன் நிற்கிறார். ஒட்டக மயிர் உடுப்பு, வெட்டுக்கிளி சாப்பாடு. பாவமன்னிப்புக்கென்று மனந்திரும்புதலின் ஞானஸ்நானம் கொடுக்கிற ஆள். கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். அவர் கைதட்டி வரவேற்கவில்லை. விரியன் பாம்புக் குட்டிகளா என்று திட்டுகிறார்! "அப்போ நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்கிறார்கள். பதில் ரொம்ப ப்ராக்டிகல். ரெண்டு அங்கி இருக்கிறவன் இல்லாதவனுக்கு ஒன்று கொடு. வரி வசூலிக்கிறவனே, விதித்ததுக்கு மேலே பிடுங்காதே. கடைசியாகப் படைவீரர்கள் கேட்கிறார்கள். மிரட்டிப் பணம் பறிக்காதே, பொய்க் குற்றம் சுமத்தாதே, சம்பளத்தோடு திருப்தியாக இரு.

படைவீரர்களுக்கும் கேள்வி இருந்தது பாருங்க! கம்பெனிப் படைக்காரன் யோவான் முன்னாடி நின்றிருந்தால் அவனும் தப்பித்திருக்க முடியாது.

இன்னொன்றும் கவனித்தேன். யோவான் யாரையும் அழச் சொல்லவில்லை. மனந்திரும்புதல் என்றால் நாம் என்ன நினைக்கிறோம்? முகத்தைத் தொங்கப்போட்டு, 'பாவி நான்' என்று மாரில் அடித்துக்கொள்வது. புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கத்தில் அந்தச் சொல் மெட்டனோயா: நினைப்பு மாறுவது. பழைய ஏற்பாட்டு எபிரேயத்தில் ஷூப்: போன வழியிலிருந்து திரும்பி வருவது. தமிழ் வேதாகமக்காரர்கள் செம வேலை பார்த்திருக்கிறார்கள். மனம், திரும்புதல். ரெண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள். பஸ் தப்பான ரூட்டில் போகிறது என்று தெரிந்தால் அழுதுகொண்டே ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருப்பதில்லை. இறங்குவது, எதிர் பஸ் ஏறுவது.

எவ்வளவு தண்ணீர் என்பதில் ஆதித் திருச்சபை ரொம்ப அலட்டிக்கொள்ளவில்லை. 'டிடாகே' என்று ஒரு பழைய கையேடு உண்டு. முதலாம், இரண்டாம் நூற்றாண்டு வாக்கில் எழுதியது. ஓடுகிற தண்ணீர் நல்லது, இல்லாவிட்டால் வேறு தண்ணீர், குளிர்ந்தது கிடைக்காவிட்டால் வெந்நீர், அதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று தரம் ஊற்று என்று அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டே போகிறது. ஆனால் ஞானஸ்நானத்துக்கு முன்னால் உபவாசம் இரு என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி இன்னும் கில்லாடி. கிறிஸ்தவர்களுக்கு அவ்வளவு செய்துவிட்டு, ஞானஸ்நானத்தை மட்டும் 337-ல் சாகக் கிடக்கும்வரை தள்ளிப்போட்டார். அந்தக் காலத்தில் பலர் அப்படித்தான். வாங்கியபிறகு பாவம் செய்தால் என்ன ஆவது என்ற பயம். எல்லா அரியரையும் கடைசி அட்டெம்ப்ட்டில் கிளியர் பண்ணுகிற நம்ம பசங்க ஸ்டைல்!

கிளாரிந்தா அம்மா அப்படித் தள்ளிப்போட்டவர் இல்லை, தள்ளிவைக்கப்பட்டவர். கிடைத்தபிறகு என்ன செய்தார்? 1780-ல் பாளையில் சபைப் பதிவேடு ஒன்று எழுதினார்கள். மொத்தம் 40 பேர். முதல் பேர் இவருடையது. கீழே பல சாதிக்காரர்கள், ஒரே பட்டியலில். அப்புறம் தன் பணத்தைப் போட்டு, கோட்டையிலிருந்த ஆங்கிலேயர் உதவியும் வாங்கி இந்தக் கோயிலைக் கட்டினார். 1785-ல் சுவார்ட்ஸே வந்து பிரதிஷ்டை செய்தார். ஒருகாலத்தில் 'முடியாது' என்றவர், அவர் கட்டிய கோயிலின் வாசலைத் திறந்துவைத்தார்! நெல்லைச் சீமையின் முதல் புராட்டஸ்டன்ட் ஆலயம் இதுதான். தங்கியிருந்து ஊழியம் செய்ய ஆள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சத்தியநாதன் என்ற உபதேசியார் வந்தார். 1790-ல் அவருக்குக் குருப்பட்டமும் கிடைத்தது. ஊர் ஜனங்களுக்காக அந்த அம்மா வெட்டியது என்று 'பாப்பாத்தி அம்மா கிணறு' ஒன்றையும் சொல்கிறார்கள். கிளாரிந்தா என்ற பேர் ரிஜிஸ்தரோடு நின்றுவிட்டது. ஜனங்கள் வாயில் கடைசிவரை பாப்பாத்தி அம்மாதான்.

சனிக்கிழமை காலை. சபைக்குப் பின்னால் சிமென்ட் தொட்டி, இறங்கப் படிக்கட்டு, இடுப்பளவு தண்ணீர். வெள்ளை உடுப்பில் ஏழு பேர். ஒரு பாட்டியம்மா, புதுசாகக் கல்யாணமான ஜோடி, மற்றவர்கள் நம்ம வயசு. பாஸ்டர் தண்ணீருக்குள் நிற்கிறார். ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். கேள்வி, பதில். மூக்கைப் பொத்தி, முதுகைத் தாங்கி, பின்பக்கமாகச் சாய்த்து ஒரே அமுக்கு. ஒரு செகண்ட் ஆள் காணாமல் போகிறார். எழுந்ததும் மூச்சு வாங்குகிற சத்தம். பழைய ஆளைப் புதைத்துப் புது ஆளை எழுப்புவது என்பது இதன் பொருள். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் வருகிறது. தெளிப்பதில் இந்தப் படம் கண்ணில் தெரியாதுதான். பாட்டியம்மா எழுந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தரம் முங்கட்டா ஐயா?" என்றார். கூட்டமே சிரித்துவிட்டது.

நம்மாளு அந்த ஏழு பேரில் இல்லை. என் பக்கத்தில் நின்றான், ஜீன்ஸ் போட்டுக்கொண்டு.

நடந்தது இதுதான். (அவன் பர்மிஷனோடுதான் எழுதுகிறேன்.) முந்தின நாள் சாயங்காலம் பேர் கொடுத்தவர்களை பாஸ்டர் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இவனிடம் அவர் வேத வசனம் எதுவும் கேட்கவில்லை. "யார்கிட்டயாவது கணக்கு பாக்கி இருக்கா தம்பி?" என்றார். இவனுக்கு இருக்கிறது. ரெண்டாவது செமஸ்டர் ஃபீஸுக்கு அண்ணன் அனுப்பிய 14,000 ரூபாயை எடுத்து செல்போன் வாங்கிவிட்டான். காலேஜில் கட்டியாச்சு என்று பொய். ஹால் டிக்கெட்டை நிறுத்தியபோதுதான் குட்டு உடைந்தது. அண்ணன் கடன் வாங்கி ஃபைனோடு மறுபடி கட்டினார். அதிலிருந்து ஒன்றரை வருஷமாகப் பேச்சே இல்லை. பாஸ்டர் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "தொட்டி எங்கயும் போகாது. நீ மொதல்ல தூத்துக்குடி போயிட்டு வா."

"சுவார்ட்ஸ் ஐயரே எந்திரிச்சு வந்துட்டாரு மாப்ள..." என்றான் நம்மாளு.

எனக்கு அந்த பாஸ்டரைப் பிடித்துப்போனது. கிளாரிந்தாவிடம் சுவார்ட்ஸ் கேட்டது, அவர் கையில் மட்டும் இல்லாத ஒன்று. கல்யாணம் செய்ய இன்னொருவர் மனசு வைக்க வேண்டும். இவர் கேட்டது இவன் கையிலேயே இருந்தது. ரெண்டும் 'காத்திரு'தான்; ஆனால் எனக்கு ரெண்டும் ஒன்றாகத் தெரியவில்லை.

"சகேயுன்னு ஒரு ஆளு இருக்கான் தெரியுமா? வரி வசூல் பண்றவன். ஏமாத்துனதை நாலு மடங்கா திருப்பித் தாரேன்னான்!"

நான் கணக்குப் போட்டேன். "அப்போ 56,000 மாப்ள." நம்மாளு முறைத்தான். டியூஷன் எடுத்துச் சேர்த்தது 6,000 இருந்தது. எடுத்துக்கொண்டு மத்தியானமே தூத்துக்குடி பஸ் ஏறினோம்.

சுமார் 50 கிலோமீட்டர் போனால் கடல் வந்துவிடுகிறது; கதை அப்படியே தலைகீழாகிவிடுகிறது. இந்த முத்துக்குளித்துறைக் கரையில் 1535-37 வாக்கில் பரதவர் ஆயிரமாயிரமாக ஞானஸ்நானம் வாங்கினார்கள். முத்துக்குளிப்பில் எதிரிகளின் தொல்லை, போர்ச்சுகீசியர் பாதுகாப்பு தேவை. அதற்காக ஊர் ஊராகச் சேர்ந்தார்கள். தண்ணீர் முதலில் பட்டது. சவேரியார் 1542-ல் வந்து பார்த்தால், கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு எதுவும் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. ஜெபங்களைத் தமிழில் மாற்றி, சின்னப் பசங்களைக் கூட்டி, ஊர் ஊராக நடந்து சொல்லிக்கொடுத்தார். மனம் மெதுவாகத்தான் பின்னால் வந்தது. 'பயத்துல வாங்கினது தானே' என்று யாராவது சொன்னால் தூத்துக்குடியில் அடி விழும், விழவும் வேண்டும். பனிமய மாதா திருவிழாவில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தவன் அப்படிப் பேச மாட்டான். ஐந்து நூற்றாண்டாக விடாமல் பிடித்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் வார்த்தைகூட வேறு: திருமுழுக்கு. ஆச்சி மட்டும் இந்தக் கரையில் பிறந்திருந்தால் தன் கட்சிக்கு ஒரு ஊரையே சாட்சிக்குக் கூப்பிட்டிருப்பார்.

அண்ணன் வீடு துறைமுகம் போகிற ரோட்டில், மாடியில். நான் கீழே டீக்கடையில் நின்றுகொண்டேன். பத்து நிமிஷம் கழித்து மதினி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "தம்பி, நீங்க ஏன் அங்க நிக்கிறீங்க? மேல வாங்க!" என்றார். போனேன். அண்ணன் லுங்கியோடு சேரில் உட்கார்ந்து ரூபாயை எண்ணிக்கொண்டிருந்தார். நிதானமாக, எச்சில் தொட்டு, ரெண்டு தடவை எண்ணினார். நம்மாளு சுவரைப் பார்த்து நின்றான்.

"மிச்சம் எட்டு" என்றார் அண்ணன்.

"ம்."

அதிலிருந்து ரெண்டு நூறு ரூபாய் நோட்டை உருவி நீட்டினார். "பஸ்ஸுக்கு வச்சுக்கோ. அப்போ மிச்சம் எட்டாயிரத்து இருநூறு."

மதினி தோசை சுட்டார். சாப்பிடும்போது யாரும் அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது அண்ணன் என்னிடம்தான் கேட்டார்: "அந்தத் தொட்டியில தண்ணி எவ்வளவு ஆழம் தம்பி?" இடுப்பளவு என்றேன். "இவனுக்கு நீச்சல் தெரியாது" என்றார்.

அடுத்த ஞானஸ்நானம் மாசக் கடைசியில் என்று பாஸ்டர் சொல்லியிருக்கிறார். அண்ணன் வருவாரா தெரியவில்லை. ஆச்சி இன்னும் சம்மதிக்கவில்லை.